வந்து தங்குபவரும் வாழ்விடமும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் எங்கே வாழ்கிறான் என்ற வினாவுக்கு நெடுங்காலம் விடை எளிதாகவே இருந்தது. எங்கே உழைத்தானோ அங்கேயே அவன் வாழ்ந்தான். வயலை விட்டு அகன்று நின்று நெல்லை அறுக்க இயலாது. கடலை விட்டு அகன்று நின்று வலையை இழுக்க இயலாது. உடல் இருக்கும் இடமும் உழைப்பு நிகழும் இடமும் ஒன்றாக இருந்தமையால், ஊர் என்னும் சொல்லில் தொழில், உறவு, உரிமை, கடமை ஆகிய யாவும் ஒருங்கே அடங்கின. பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுச் சென்றவனும் தன் உடலை உடன்கொண்டே சென்றான். இன்று அந்நிலை மாறியுள்ளது. கடலடிக் கம்பிவடங்களும் செய்மதிகளும் இணையமும், உழைப்பை உடலினின்றும் பிரித்து வேறொரு நாட்டுக்கு அனுப்பிவைக்க வல்லனவாய் வளர்ந்துவிட்டன. இம்மாற்றம் தொழில்நுட்பத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயின் அது எழுப்பும் அறவியல் வினா போதிய அளவு ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை.

அவ்வினாவை ஓர் ஊரில் வைத்து நோக்குதல் நன்று. இலங்கையின் வடமேற்குக் கரையோரத்தில், புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு–புத்தளம் வீதியிலும் புகையிரதப் பாதையிலும் அமைந்த ஊர் மதுரங்குளி. தென்னந்தோட்டங்களும், களப்பு நீரும், முந்தல் பகுதியின் இறால் பண்ணைகளும் அதன் சூழலாக அமைகின்றன. தமிழும் சிங்களமும் அயலயலே ஒலிக்கும் பிரதேசம் அது. வடமேற்கே கற்பிட்டிக் குடாநாடு நீண்டு கிடக்கிறது. பட்டத்தின் இழுவையில் நீர்மேற் சறுக்கும் விளையாட்டை நாடி அங்கே வெளிநாட்டார் வருகின்றனர். இக்கரையில் வெளிநாட்டவர் ஒருவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆண்டுக்கணக்கில் தங்கி, தென்னை நிழலில் மேசையிட்டு அமர்ந்து, இலண்டனிலோ சிட்னியிலோ உள்ள ஒரு நிறுவனத்துக்கு நாள்தோறும் பணிபுரிகிறார் என்று கொள்ளலாம். அவருடைய ஊதியம் அங்கிருந்து வருகிறது. அவருடைய மேலாளரும் நண்பரும் அங்கேயே உள்ளனர். அவர் உண்பதும் உறங்குவதும் மட்டும் இங்கே நிகழ்கின்றன. அவர் இவ்வூரில் வாழ்கிறாரா, அன்றி இவ்வூரில் இருக்கிறாரா? இவ்வூருக்கு அவர் கடமைப்பட்டவரா? கடமைப்பட்டவராயின் அக்கடமை யாது?

இத்தகைய வாழ்வை முன்கூட்டியே கண்டுரைத்தவரும், இலங்கைத் தீவில் வாழ்ந்து காட்டியவரும் ஒருவரே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், புவியைச் சுற்றும் செய்மதிகள் வழியாக உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்னும் கருத்தை 1945இலேயே கட்டுரையாக வெளியிட்டார். 1964இல் பிபிசி தொலைக்காட்சியில் உரையாற்றியபோது, இன்னும் ஐம்பது ஆண்டுகளில் ஒருவர் தாகித்தியிலோ பாலித் தீவிலோ இருந்துகொண்டு இலண்டனில் இருப்பதைப் போலவே தம் தொழிலை நடத்தக்கூடும் என்றார். அதற்குமுன்னரே, 1956இல், அவர் இலங்கைக்கு வந்து குடியேறியிருந்தார். 2008இல் இறக்கும்வரை இத்தீவே அவரது இல்லம். அவருடைய வாசகரும் வெளியீட்டாளரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1980களின் முற்பகுதியில், கொழும்பிலிருந்தபடியே கணினியையும் தொலைபேசித் தொடர்பையும் கொண்டு அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஒருவருடன் அவர் பணிபுரிந்தார். தொலைவிலிருந்து உழைக்கும் தீவு வாழ்வின் முதன்மையான எடுத்துக்காட்டு அவரே எனலாம்.

கிளார்க்குக்கு விதிவிலக்காகக் கிடைத்த வாழ்வு, 2020இன் பெருந்தொற்றுக்குப் பின்னர் பலருக்கும் உரியதாயிற்று. அலுவலகங்கள் மூடப்பட்ட காலத்தில், அலுவலகமின்றியும் பல தொழில்கள் நடைபெறும் என்பது நிறுவனங்களுக்குப் புலனாயிற்று. சுற்றுலாப் பயணிகளை இழந்த தீவுகள் இவ்வாய்ப்பை விரைந்து பற்றின. கரிபியன் தீவான பார்படோஸ் 2020 ஜூலையில், பன்னிரண்டு மாதங்கள் தங்கித் தொலைவிலிருந்து பணியாற்றுவோருக்கென ஒரு விசாவை அறிமுகம் செய்தது. ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டொலர் வருமானம் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. இவ்வகை ஏற்பாடுகளின் உள்ளக்கருத்தை இரண்டு விதிகளாகச் சுருக்கலாம்: போதிய பணத்தைக் கொண்டுவருக, உள்ளூரார் தொழிலை எடுத்துக்கொள்ளாதொழிக. இவ்விரண்டையும் நிறைவேற்றியவர் அரசுக்குரிய கடனைத் தீர்த்தவராகிறார். ஊருக்குரிய கடனும் அத்துடன் தீர்ந்துவிடுகிறதா என்பதே இங்கு எழும் பிரச்சினை.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், நிலைத்த சமாதானம் பற்றி 1795இல் எழுதிய நூலில், அந்நியனுக்குரிய உரிமையை இரண்டாகப் பகுத்தார். பகைமையின்றி ஓரிடத்துக்கு வந்துபோகும் உரிமை மனிதர் யாவர்க்கும் உண்டு. புவி உருண்டையாகையால் மனிதர் எல்லையின்றிப் பரவிச்செல்ல இயலாது, ஒருவரையொருவர் பொறுத்தே ஆகவேண்டும் என்பது அவர் கூறும் காரணம். ஆனால் நெடுநாள் தங்கும் விருந்தினனாகும் உரிமை இயல்பாக வருவதன்று. அதற்குத் தனியானதோர் உடன்பாடு வேண்டும். வருகை என்ற பெயரில் நாடுகளைக் கைப்பற்றிய ஐரோப்பிய வணிகரை அவர் அந்நூலிலேயே கண்டித்தமை கருதத்தக்கது. ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கும் இக்கரையோரத்துக்கு அக்கண்டனத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

கான்ற் வேண்டிய உடன்பாடு இன்று விசாவாக வழங்கப்படுகிறது. ஆனால் அதிற் கையொப்பமிடுவோர் அரசும் விருந்தினருமே. விருந்தினரோடு ஒரே நிலத்தடி நீரைப் பகிர்ந்துகொள்ளும் அயலவர் அவ்வுடன்பாட்டில் இடம்பெறுவதில்லை. இதன் விளைவை நீரைக் கொண்டே விளக்கலாம். கடலோர மணற்பரப்பின் கீழ், கனமான உவர்நீரின் மேல் மழைநீர் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கைபென்–ஹேர்ஸ்பேர்க் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். எனவே மேல்மட்டம் ஓரடி தாழுமாயின், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழக்கூடும். ஒரு வீட்டில் இயந்திரத்தால் இறைக்கப்படும் நீர் அடுத்த வீட்டுக் கிணற்றின் சுவையை மாற்றவல்லது. இறைப்பவர் அதனை உணரமாட்டார். அவருடைய குடிநீர் போத்தலில் வருகிறது. விசாப் படிவத்திலும் இது பற்றிய வினா இல்லை.

பணத்தின் நிலையும் இத்தகையதே. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அவ்வாண்டு ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. மாதம் 2,000 டொலர் பெற்ற ஒருவரின் வருமானம், அவர் ஒரு மணிநேரமும் கூடுதலாக உழைக்காமலே, நான்கு இலட்சம் ரூபாவிலிருந்து ஏழு இலட்சத்தைக் கடந்தது. அதே தெருவில் நாட்கூலிக்குத் தேங்காய் உரித்தவரின் கூலி, அவருடைய உழைப்பு ஒரு சிறிதும் குறையாதிருக்கவும், அரைப்பங்கு பெறுமதியை இழந்தது. இருவரும் ஒரே கடையில் அரிசி வாங்கினர். ஒருவருக்கு மலிவும் மற்றவருக்குப் பஞ்சமும் ஒரே காரணத்தால் நேர்ந்தன. விருந்தினர் இத்துன்பத்துக்குப் பொறுப்பாளர் அல்லர். ஆயினும் ஓர் ஊரின் துன்பம் தமக்கு ஆதாயமாக வந்து சேருமிடத்து, தாம் அவ்வூரில் வாழ்கிறோம் என்று அவர் எப்பொருளிற் கூறுகிறார் என்பது வினாவாகவே நிற்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். விருந்தினர் வாடகை தருகிறார். கடைக்காரரிடம் பொருள் வாங்குகிறார். அந்நியச் செலாவணி கொண்டுவருகிறார். யாருடைய தொழிலையும் பறிக்கவில்லை. கொடுப்பதும் கொள்வதும் சமமாக இருக்கையில் கடன் எஞ்சுவதெங்ஙனம்? இம்மறுப்பு வலுவுடையது. ஆனால் கொடுக்கல் வாங்கலில் அடங்காத ஒன்று உண்டென்பதை இப்பிரதேசத்தின் அண்மைக்கால வரலாறே காட்டுகிறது.

1980களில் புத்தளம், சிலாபம் களப்புகளின் ஓரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. பெரும் நிறுவனங்களும், அவற்றைப் பின்பற்றிச் சிறு முதலீட்டாளரும் வந்தனர். கண்டற்காடுகள் பல இடங்களில் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. ஒரு பண்ணையின் கழிவுநீர் விடப்பட்ட அதே நீர்வழியிலிருந்து அடுத்த பண்ணை நீரெடுத்தது. 1996இல் பரவிய வெண்புள்ளி நோய் பண்ணைகளைப் பெருமளவில் அழித்தது. கைவிடப்பட்ட குளங்கள் உவர்நிலமாக எஞ்சின. இவ்வழிவிற் பங்குகொண்டவருள் உள்ளூராரும் இருந்தனர். எல்லாப் பழியையும் வெளியார் மேற் சுமத்துதல் நேர்மையாகாது. எனினும் ஒரு வேறுபாடு தெளிவானது. தொலைவிலிருந்து முதலிட்டவர் நட்டத்தைக் கணக்கேட்டில் எழுதி மூடிவிட்டு வேறு தொழிலை நாடலாம். குளத்தின் அருகே குடியிருந்தவருக்கு அக்கணக்கு மூடப்படவில்லை. தொலைவில் இருந்தவரைத் தேடிச்சென்று, எம் கிணற்றுக்கு என்ன விடை என்று கேட்கவும் அவரால் இயலவில்லை. கூலியும் குத்தகையும் முறையாகக் கொடுக்கப்பட்டிருப்பினும் இக்குறை அவ்வாறே இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான வருகை ஒன்றையும் இக்கரை கண்டது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்து, கற்பிட்டி முதலாக மதுரங்குளி ஈறாகப் பல இடங்களில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். இன்றைய தீவு விசாவின் நிபந்தனை எதனையும் அவர்கள் நிறைவேற்றியிருக்க மாட்டார்கள். கையிற் பணமில்லை, உள்ளூராரின் கூலித்தொழிலிற் பங்குகேட்டே வாழவேண்டியிருந்தது, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கிணறும் நெரிசலுற்றன. ஊரார் முதலில் சோறும் இடமும் கொடுத்தனர். ஆண்டுகள் செல்லச்செல்ல மனத்தாங்கல்களும் தோன்றின. கூலி குறைந்தது என்றும், உதவிகள் வந்தவருக்கே போகின்றன என்றும் குறைகள் பேசப்பட்டன. வந்தவர் எந்த மாவட்டத்து வாக்காளர் என்பதுகூட நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர்; பலர் இங்கேயே தங்கிவிட்டனர். அவர்கள் பயிரிட்டனர், கடை வைத்தனர், மணவுறவு கொண்டனர், தம் இறந்தோரை இம்மண்ணில் அடக்கினர்.

இவ்விரு வருகைகளையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. பணத்தோடு வந்தவரை ஊர் கேள்வி கேட்க இயலவில்லை. வெறுங்கையோடு வந்தவரை ஊர் கேட்டது. சில வேளை கடுமையாகவும் நியாயமின்றியும் கேட்டது. அவர்களும் ஊரைக் கேட்டனர். ஒரே கிணற்றடியில், ஒரே மொழியில் அச்சச்சரவுகள் நடந்தன. அச்சச்சரவுகளினூடாகவே வந்தவர்கள் ஊரவராயினர். ஆகவே ஓரிடத்தில் வாழ்தல் என்பதன் அளவுகோல், அங்கே எத்தனை ஆண்டு கழிந்தது என்பதிலோ எவ்வளவு செலவிடப்பட்டது என்பதிலோ இல்லை. அயலவர் ஒருவரை நோக்கி, ‘நீர் செய்தது எமக்குத் தீங்காயிற்று’ என்று சொல்லவும், அச்சொல் அவரைக் கட்டுப்படுத்தவும் கூடுமாயின் அவர் அவ்வூரில் வாழ்கிறார். குறைகூற இயலாதவரோடு அன்பு இருக்கலாம், வணிகம் இருக்கலாம், அறவுறவு இருப்பதற்கில்லை.

இவ்வளவுகோலை எதிர்ப்புறமாகவும் பயன்படுத்திப் பார்த்தல் தகும். இப்பிரதேசத்திலிருந்து பெண்கள் பலர் வீட்டுப்பணியாளராக மேற்காசிய நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களும் அந்நியநாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி உழைப்பவர்களே. கஃபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையின்கீழ், அவர்களுடைய தங்கும் உரிமை எசமானரின் கையில் உள்ளது. எசமானர் அவர்களை எதுவும் கேட்கலாம். அவர்கள் எவரையும் கேட்பது அரிது. தீவுக்கு வரும் விருந்தினரோ எவராலும் கேட்கப்படாதவராய், விரும்பியபோது விலகத்தக்கவராய் இருக்கிறார். இரு நிலைகளிலும் உறவு ஒருபக்கமாகச் சாய்ந்துள்ளது. வெளியேற இயலாமை ஒருவரை அடிமைநிலைக்கு அருகே கொண்டுசெல்கிறது. எளிதாக வெளியேறும் ஆற்றல் மற்றவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. இதிலிருந்து ஒரு நெறியை வகுக்கலாம்: விலகிச்செல்லும் சுதந்திரம் ஒருவருக்கு எவ்வளவு மிகுதியோ, தம்மைக் கேள்விக்கு உட்படுத்திக்கொள்ளும் கடமையும் அவருக்கு அவ்வளவு மிகுதி. அவரை அதற்குட்படுத்த வேறெவராலும் இயலாது என்பதே இதற்குக் காரணம்.

இக்கடமை துன்பத்தை வலிந்து ஏற்பதன்று. மின்சாரம் இல்லாத இரவில் அயலவரோடு தாமும் வியர்த்திருக்க வேண்டுமென்று எவரும் கோரமாட்டார். கோரப்படுவன எளிய செயல்களே. முதலாவது, மொழி. மதுரங்குளியில் நெடுநாள் தங்குபவர் தமிழோ சிங்களமோ அறியாதிருப்பாராயின், அவர்மேல் உள்ள குறை அவர் செவிக்கு எட்டும் வழியே இல்லை. வீட்டுக்காரரும் வழிகாட்டியும் அதனை இனிப்பாக மொழிபெயர்த்துவிடுவர். ஊரார் புன்னகைக்கின்றனர் என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டாவது, தம் கிணற்றின் ஆழத்தையும் தம் குப்பை சென்றடையும் இடத்தையும் அறிதல். மூன்றாவது, ஊரின் பொதுக்காரியத்தில் இழப்பதற்கென ஏதேனும் ஒன்றைத் தமக்கும் உரியதாக்கிக்கொள்ளுதல். கிளார்க்கின் வாழ்வு இம்மூன்றாவதற்குச் சான்றாகும். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக அவர் இருந்தார். இக்கடற்பகுதிகளில் மூழ்கி ஆராய்ந்தார். ஹிக்கடுவையில் அவர் நடத்திவந்த சுழியோடுதற் பாடசாலை 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையில் அழிந்தது. இத்தீவின் கடல் அவரிடமிருந்தும் ஒன்றைப் பறித்தது. அதன்பின்னும் அவர் இங்கேயே இருந்தார்.

எவ்வூரும் தமதே என்னும் கொள்கைக்குத் தமிழர் வழக்கமாகப் புறநானூற்றின் 192ஆம் பாடலைச் சான்று காட்டுவர். எங்கும் வீடெடுக்கலாம் என்பதற்கு அப்பாடல் அனுமதிச்சீட்டாகப் பயன்படுத்தப்படுவதும் உண்டு. ஆயின் கணியன் பூங்குன்றனார் ஊரை மட்டும் கூறி நிறுத்தவில்லை. உறவையும் உடன் கூறினார். மேலோர் என வியப்பதையும் சிறியோர் என இகழ்வதையும் மறுத்துப் பாடலை முடித்தார். உறவினர் என்போர் உரிமையோடு குறைகூறத்தக்கவர். ஊரைத் தமதாக்கிக்கொண்டு உறவைத் தவிர்ப்பவர் அப்பாடலின் பாதியையே ஏற்றவராவர். திருவள்ளுவரும் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், உலகநடை அறிந்து வாழ்பவரின் செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளத்துக்கு ஒப்பிடுகிறார். வீட்டுக்கு வீடு மூடிய தொட்டியை அவர் உவமையாக்கவில்லை. குளத்தின் நீர் குறைந்தாலும் கலங்கினாலும் அது யாவர் கண்ணுக்கும் தெரியும்.

இவ்வாராய்ச்சி வெளிநாட்டு விருந்தினரோடு முடிவதன்று. இன்று பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் பட்டதாரிகளுள் ஒரு சாரார், தம் சொந்த வீட்டிலிருந்தே பிறநாட்டு நிறுவனங்களுக்குப் பணிபுரிகின்றனர். மதுரங்குளியில் பிறந்த இளைஞர் ஒருவர் அவ்வூரிலேயே இருந்துகொண்டு டொலரில் ஊதியம் பெறலாம். அவருக்கு விசா தேவையில்லை, மொழியும் தெரியும். ஆயினும் அவருடைய காலை வேறொரு நாட்டின் கடிகாரப்படி விடிகிறது. அவருடைய வருமானம் ஊரின் மழையையும் விளைச்சலையும் சார்ந்ததன்று. தந்தையின் தலைமுறையில், தென்னைக்கு நோய் வந்தால் ஊர் முழுவதற்கும் அது செய்தி. மகனுக்கு அது செய்தியாகாமற் போகக்கூடும். பிறந்த ஊரிலேயே ஒருவர் விருந்தினராகிவிடும் நிலை இது.

இதற்கு மாற்றான ஒரு முன்மாதிரியும் இக்கரையிலேயே உண்டு. 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இப்பகுதியில் அரச அலுவலராகவும் பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் பணியாற்றியவாறே, 1834இல் இலங்கையின் இடவிளக்க அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்று நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் கருத்திற்கொண்ட வாசகருட் பலர் தொலைவில் இருந்தவர்கள். ஆயினும் அவர் எழுதியவை அவருடைய மக்களையும் மண்ணையும் பற்றியனவாதலின், பிழையிருந்தால் அயலவர் அவரைக் கேட்கக்கூடியதாயிருந்தது. தொலைவுக்கு உழைப்பதும் ஊருக்கு விடைபகர்வதும் ஒருவரிடத்தில் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதற்கு அவர் சான்றாவர்.

தொழிலை இனி வயலோடும் கடலோடும் மட்டும் பிணைத்துவைக்க எவராலும் இயலாது. அவ்வாறு பிணைத்தல் வேண்டற்பாலதுமன்று. உடலும் உழைப்பும் இருவேறு நாடுகளில் இருப்பினும் மனச்சான்று ஓரிடத்தில் நின்றாதல் வேண்டும். அது நிற்கத்தக்க இடம், ஒருவர் நீரருந்தும் கிணறு இருக்கும் இடமே. அக்கிணற்றின் அயலில் இருப்பவர் வாயிலில் வந்து நின்று குரல் கொடுக்கும்போது, அவர் பேசும் மொழியில் விடைகூற உள்ளிருப்பவரால் இயலுமா என்பதை, வந்து தங்குபவரும் பிறந்து தங்குபவரும் தத்தமக்குள் ஆராய்ந்து கொள்ளக் கடமைப்பட்டுள்ளனர்.